மின்மைத் திரை வாசிப்புக் கருவி: எழுத்து தெளிவு, இடம் தெளிவில்லை

மின்னூல் கருவிகளைப் பற்றி வரும் மதிப்புரைகள் பெரும்பாலும் ஒரே தடத்தில் செல்கின்றன. திரை எத்தனை அங்குலம், ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளிகள், ஒருமுறை மின்னேற்றினால் எத்தனை வாரம் தாங்கும், வெயிலில் கண் கூசுமா, எத்தனை ஆயிரம் நூல்களைச் சேமிக்கலாம் என்பவற்றோடு அவை முடிந்துவிடும். வாசித்து முடித்த பிறகு மனத்தில் என்ன எஞ்சுகிறது என்று யாரும் கேட்பதில்லை. ஆறு அங்குல மின்மைத் திரை (இ-இங்க் திரை) கொண்ட ஒரு வாசிப்புக் கருவியை நெடுநாளாகப் பயன்படுத்திவரும் நான், இந்த மதிப்புரையில் அந்த ஒரு கேள்வியை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். இதில் வாசித்த நூலின் தோற்றம், அதாவது ஒரு செய்தி பக்கத்தின் எந்த மூலையில், எந்தப் பத்தியை அடுத்து, நூலின் எந்தப் பாகத்தில் இருந்தது என்பது நினைவில் எவ்வளவு தங்குகிறது? நிறுவனத்தின் பெயரை நான் வேண்டுமென்றே குறிப்பிடவில்லை. நான் சொல்லப்போகும் குணங்களும் குறைகளும் இவ்வகைக் கருவிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பொதுவானவை. பெயரைச் சொன்னால் மற்றவற்றில் அந்தக் குறை இல்லை என்ற எண்ணம் வந்துவிடும்.

முதலில் குறையில்லாதவற்றைச் சொல்லிவிடுகிறேன். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற அடர்த்தியில் எழுத்தின் வளைவுகள் அச்சுக்கு மிக அருகில் வந்துவிடுகின்றன. ணகர, னகரச் சுழிகளை எண்ணிப் பார்க்கலாம் என்னுமளவுக்குத் தெளிவு. மின்னூட்டம் பெற்ற கருப்பு, வெள்ளைத் துகள்கள் நுண்ணிய உறைகளுக்குள் மேலும் கீழும் நகர்ந்து எழுத்தை உண்டாக்குவதால், ஒருமுறை உருவான பக்கம் அப்படியே நிற்பதற்கு மின்சாரம் தேவைப்படுவதில்லை. இந்த வகைத் திரையோடு சோனியின் லிப்ரியே 2004இலும் அமேசானின் கிண்டில் 2007இலும் வெளிவந்தன. அன்றிலிருந்து இன்றுவரை நடந்த மேம்பாடுகளில் பெரும்பகுதி எழுத்தை இன்னும் கருப்பாகவும் பின்புலத்தை இன்னும் வெளுப்பாகவும் ஆக்குவதற்கே செலவாகியிருக்கிறது. கண்ணுக்கு அது நல்லதுதான். நினைவுக்கு அதனால் பெரிதாக ஒன்றும் ஆகப்போவதில்லை என்பதே என் கருத்து.

ஏனெனில், வாசிக்கும்போது எழுத்தின் உருவத்தை நாம் அறிந்து சேமித்து வைப்பதே இல்லை. ஜார்ஜ் மெக்கான்கியும் டேவிட் ஸோலாவும் 1979இல் வெளியிட்ட ஒரு சோதனை இதை வியக்கத்தக்க முறையில் காட்டியது. ஆங்கில வரிகளைப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்துமாக மாற்றி மாற்றித் திரையில் இட்டு, வாசிப்பவரின் கண் ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்குத் தாவும் அந்தக் கணநேரத்தில் பெரியவற்றைச் சிறியவையாகவும் சிறியவற்றைப் பெரியவையாகவும் அவர்கள் மாற்றினார்கள். கண் ஒவ்வொரு முறை தாவும்போதும் வரியில் இருந்த எல்லா எழுத்துகளும் உருமாறின. வாசித்தவர்களோ எதையும் கவனிக்காமல் வாசித்துக்கொண்டே போனார்கள். சொல் எதுவென்று தெரிந்த மறுகணமே அது எந்த உடையில் வந்தது என்பதை மனம் விட்டுவிடுகிறது. சொல்லுக்கு நேர்வதே வாக்கியத்துக்கும் நேர்கிறது. ஜாக்குலின் சாக்ஸ் 1967இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வாக்கியத்தைக் கேட்டபின் வேறு சில வாக்கியங்கள் கடந்துவிட்டால், அதன் சொல்லமைப்பு மாற்றப்பட்டிருப்பதைக் கேட்டவர்களால் பெரும்பாலும் கண்டுபிடிக்க முடியவில்லை. பொருள் மாறியிருந்தால் மட்டும் கண்டுகொண்டார்கள்.

“எனக்குப் பக்கம் அப்படியே படம்போல் கண்முன் நிற்கும்” என்று சொல்பவர்களை நம் எல்லோருக்கும் தெரியும். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தப் படத்தில் எழுத்துகள் இருக்கின்றனவா என்று சோதிப்பது எளிது. பக்கம் உண்மையிலேயே கண்முன் நிற்கிறதென்றால், ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லையும் மேலிருந்து கீழாக வாசித்துக் காட்ட வேண்டும், அல்லது நான்காம் வரியைப் பின்னாலிருந்து முன்னால் சொல்ல வேண்டும். மனப்பாடமாகத் தெரிந்த செய்யுளில்கூட இதைச் செய்ய முயல்பவர், படத்தைப் பார்த்துப் படிப்பதில்லை, ஒவ்வொரு வரியையும் முதலிலிருந்து மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துத்தான் கடைசிச் சொல்லுக்கு வந்து சேர்கிறார் என்பது அவர் எடுத்துக்கொள்ளும் நேரத்திலேயே தெரிந்துவிடும்.

அப்படியானால் கண்முன் நிற்பதுதான் என்ன? அது இடம். 1971இல் எர்ன்ஸ்ட் ராத்காஃப் ஒரு நீண்ட கட்டுரையைச் சிலரிடம் வாசிக்கக் கொடுத்தார். இடத்தைப் பற்றிக் கேட்கப்போகிறோம் என்று அவர்களிடம் சொல்லவில்லை. பிறகு, இன்ன செய்தி கட்டுரையின் எந்தப் பக்கத்தில், பக்கத்தின் எந்தப் பகுதியில் இருந்தது என்று கேட்டபோது, குருட்டாம்போக்கில் சொன்னால் கிடைக்கக்கூடியதைவிடத் தெளிவாகவே அதிகமான சரியான விடைகள் கிடைத்தன. யாரும் முயலாமலேயே, வேண்டும் என்று நினைக்காமலேயே, மனம் இடத்தைக் குறித்து வைத்திருக்கிறது. அடுத்த ஆண்டே செக்மைஸ்டரும் மெக்கிலிப்பும் இதே பொருளில் செய்த ஆய்வும் இந்தத் திசையிலேயே அமைந்தது. ராத்காஃபின் முடிவுகளில் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று: செய்தியைச் சரியாகச் சொன்னவர்களே அதன் இடத்தையும் சரியாகச் சொல்லும் போக்கு இருந்தது. இடம் தெரிந்ததால் செய்தி நினைவுக்கு வந்ததா, கூர்ந்து வாசித்ததால் இரண்டும் ஒன்றாகப் பதிந்தனவா என்பதை இந்தத் தொடர்பு மட்டுமே சொல்லிவிடாது. இடத்தைக் காப்பாற்றினால் அறிவு தானாக வளரும் என்று விளம்பரம் செய்ய இதில் ஆதாரம் இல்லை. ஆனால் தேடும்போது இடம் உதவுகிறது என்பதைத் தினமும் வாசிக்கிற எவரும் மறுக்கமாட்டார்.

எழுத்தை நெஞ்சில் நிறுத்துவதைத் தொழிலாகவே கொண்டவர்கள் இதை ஆய்வாளர்களுக்கு முன்பே அறிந்திருந்தார்கள். 12ஆம் நூற்றாண்டில் பாரிஸின் புனித விக்டர் மடத்தில் கற்பித்த ஹியூ, தம் மாணவர்களுக்குச் சொன்ன அறிவுரை வெளிப்படையானது. ஒரு பகுதியை மனப்பாடம் செய்யும்போது எப்போதும் ஒரே பிரதியையே பயன்படுத்த வேண்டும். எழுத்துகளின் நிறம், வடிவம், அவை பக்கத்தின் மேலே இருந்தனவா, நடுவிலா, கீழேயா என்பதையும் சேர்த்தே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும் என்றார். குர்ஆனை முழுவதும் மனனம் செய்பவர்களிடம் ஒரே அமைப்புள்ள பிரதியை மாற்றாமல் வைத்துக்கொள்ளச் சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான். பரவலாகப் பயன்படும் மதீனாப் பதிப்பு 604 பக்கங்கள் கொண்டது. பக்கத்துக்குப் பொதுவாக 15 வரிகள். ஒவ்வொரு பக்கமும் ஒரு வசனத்தின் முடிவோடு நிறைவடையும்படி கோக்கப்பட்டது. யூதர்களின் சமயச் சட்ட நூலான தால்முத்தில், வெனிஸ் நகரில் டேனியல் பாம்பெர்க் 1520களில் அச்சிட்ட முழுப் பதிப்பின் ஏட்டுப் பிரிவையே, அதாவது எந்தப் பகுதி எந்த ஏட்டில் வரும் என்ற அமைப்பையே, பின்வந்த பதிப்புகள் பின்பற்றிவருகின்றன. அந்த நூலின் ஒரு பக்கத்தில் ஏதேனும் ஒரு சொல்லின் மேல் ஊசியைக் குத்தினால், அடியில் உள்ள பக்கங்களில் அது எந்தெந்தச் சொல்லைத் துளைத்துச் செல்லும் என்று சொல்லக்கூடியவர்களைப் பற்றி உளவியலாளர் ஜார்ஜ் ஸ்ட்ராட்டன் 1917இல் எழுதியிருக்கிறார். இந்தத் திறன்கள் யாவும் நிற்பது ஒரே நிபந்தனையின் மேல்: பக்கம் நகரக்கூடாது.

இப்போது கருவியை எடுத்துக்கொள்வோம். இதில் பக்கம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஈபப் போன்ற மின்னூல் வடிவங்களில் பக்கம் என்ற ஒன்றே கிடையாது. இருப்பது ஒரே நீளமான எழுத்தோட்டம். திரையின் அளவு, எழுத்துருவின் பருமன், வரியிடைவெளி, ஓரவெளி ஆகியவற்றைக் கணக்கிட்டு அந்தந்த நேரத்தில் கருவி ஒரு துண்டை வெட்டித் தருகிறது. எழுத்தின் அளவை ஒரு படி கூட்டினால் போதும்: திரையின் தலைப்பில் தொடங்கிய பத்தி நடுவுக்கு இறங்கிவிடுகிறது, கடைசி மூன்று வரிகள் அடுத்த திரைக்குப் போய்விடுகின்றன, அத்தியாயத்தின் முடிவில் இருந்த வெற்றிடம் காணாமல் போகிறது. இதுகூட நாமே கேட்டு வாங்கும் மாற்றம். கேட்காமலே நடப்பதும் உண்டு. ஒரு குறியிட்ட இடத்துக்குத் தாவிச் செல்லும்போது, நான் பயன்படுத்தும் கருவி அந்த வாக்கியத்தையே திரையின் முதல் வரியாக வைத்துப் புதிதாகப் பக்கம் பிரிக்கிறது. அங்கிருந்து ஒரு பக்கம் பின்னால் போனால், முதன்முறை வாசித்தபோது பார்த்த பக்கம் வருவதில்லை. அதன் பிற்பாதியும் அடுத்த பக்கத்தின் முற்பாதியும் ஒட்டிய வேறொரு பக்கம் வருகிறது. மூன்றாவது முறை வேறொரு குறியிலிருந்து வந்தால் மூன்றாவது பக்கம். ஒரே வாக்கியத்தை மேலே பார்த்திருக்கிறேன், நடுவே பார்த்திருக்கிறேன், கீழேயும் பார்த்திருக்கிறேன்; முடிவில் மனம் அதற்கு எந்த இடத்தையும் ஒதுக்குவதில்லை.

இதன் விளைவை முழுமையாக உணர்வது தேடும்போதுதான். அச்சு நூலில் ஒரு வாதம் நினைவுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் சொற்கள் நினைவில் இல்லை. ஆனால் இடப்பக்கம், கீழிருந்து கால்வாசி உயரத்தில், ஒற்றை வரியாக நின்ற ஒரு பத்திக்குக் கீழே, நூலின் முதல் மூன்றிலொரு பங்கு முடியும் இடத்தில் இருந்தது என்பது தெரியும். விரல் அந்தத் தடிமனில் நூலைப் பிரிக்கிறது, கண் இடப்பக்கங்களின் கீழ்ப்பகுதியை மட்டும் பார்த்துக்கொண்டே போகிறது, கண்டுபிடித்துவிடுகிறோம். கருவியில் இருப்பதோ ஒரு தேடல் பெட்டி. அது வேகமானது, பிசகாதது. ஆனால் அது சொல்லைக் கேட்கிறது. நம்மிடம் இருப்பது இடம், இல்லாதது சொல். ஆசிரியர் ‘நட்பு’ என்று எழுதினாரா, ‘தோழமை’ என்று எழுதினாரா, ‘உறவு’ என்று பொதுவாகச் சொல்லிச் சென்றாரா என்று ஒவ்வொன்றாக இட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. தமிழில் தொல்லை இன்னும் கூடுதல்: வேற்றுமை உருபு ஏறியதும் சொல்லின் வடிவமே மாறிவிடுவதால், ‘மரம்’ என்று தேடினால் ‘மரத்தை’யும் ‘மரத்தின்’ என்பதும் கிடைப்பதில்லை. பொருளை நினைவில் வைத்து வடிவத்தை மறக்கும் மனத்திடம், வடிவத்தைச் சொன்னால்தான் பொருளைக் காட்டுவேன் என்கிறது கருவி.

ஆய்வுகளும் ஏறத்தாழ இதையே சொல்கின்றன, ஆனால் அச்சு நூலின் அன்பர்கள் விரும்பும் அளவுக்கு உரக்கச் சொல்வதில்லை. ஆன் மாங்கனும் அவருடைய இரு சகாக்களும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், 50 பேர் 28 பக்க மர்மக் கதை ஒன்றை வாசித்தார்கள். பாதிப்பேர் அச்சில், பாதிப்பேர் கிண்டிலில். கதையைப் புரிந்துகொண்டதைச் சோதித்த பெரும்பாலான கேள்விகளில் இரு தரப்பாருக்கும் வேறுபாடு இல்லை. நிகழ்வுகளின் வரிசை, எது முன், எது பின், எவ்வளவு நேரம் கழித்து என்ற கேள்விகளில் மட்டும் அச்சில் வாசித்தவர்கள் முந்தினார்கள். கையில் இடப்பக்கம் கனத்துக்கொண்டும் வலப்பக்கம் மெலிந்துகொண்டும் போவது கதையின் காலத்தை அளக்க உதவுகிறது என்பது அவர்கள் முன்வைத்த விளக்கங்களில் ஒன்று. 2018இல் டெல்காடோவும் சகாக்களும் 54 ஆய்வுகளை, 1,70,000க்கு மேற்பட்டோரின் முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தகவல் நூல்களிலும் நேரக்கட்டுப்பாட்டோடு வாசிக்கும்போதும் காகிதத்துக்கு ஒரு சிறு முன்னிலை தெரிந்தது. கதைகளை மட்டும் வாசித்த ஆய்வுகளில் அந்த வேறுபாடு இல்லை. ஆகவே, ஒருமுறை வாசித்துவிட்டு வைத்துவிடும் நாவலுக்கு இந்தக் கருவியால் பெரிய இழப்பு எதுவும் இல்லை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். இழப்பு, திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டிய நூல்களில்.

இன்னொரு குறையும் இதோடு ஒட்டியே வருகிறது. கருவியில் எல்லா நூல்களும் ஒரே முகத்தோடு இருக்கின்றன. ஒரே மாதிரியான பலவற்றுக்கு நடுவே வேறுபட்டு நிற்பது ஒன்று எளிதில் நினைவில் தங்கும் என்பதை ஹெட்விக் ஃபான் ரெஸ்டார்ஃப் 1933இலேயே காட்டினார். அச்சு நூலில் இத்தகைய வேறுபாடுகள் தாமாகவே அமைந்துவிடுகின்றன: மை சற்று மங்கிய ஒரு பக்கம், மடிந்த ஒரு முனை, எதிர்ப்பக்கத்தில் ஒரு வரைபடம், அடிக்குறிப்பு பாதிப் பக்கத்தை விழுங்கிய ஓரிடம். கருவியிலோ தத்துவ நூலும் துப்பறியும் கதையும் ஒரே எழுத்துருவில், ஒரே ஓரவெளியில், ஒரே சாம்பல் வெண்மையில் வருகின்றன. இரண்டு நூல்களைச் சேர்ந்தாற்போல் வாசித்தால், ஒரு கருத்து எந்த நூலில் வந்தது என்பதிலேயே குழப்பம் நேர்கிறது. அச்சில் இந்தக் குழப்பம் எனக்கு அரிது. வேடிக்கை என்னவென்றால், இந்தக் கருவியில் பக்கத்தின் தோற்றத்தை நினைவில் வைத்திருப்பது திரை ஒன்றுதான். பக்கத்தைப் புரட்டிய பிறகும் முந்தைய பக்கத்தின் வரிகள் மெல்லிய நிழலாகப் பின்னால் தெரியும். சில பக்கங்களுக்கு ஒருமுறை திரை முழுவதும் ஒரு கணம் கருத்து வெளுத்து அந்த நிழலைத் துடைத்துக்கொள்ளும். பயனர்கள் இதைக் குறையென்று சொல்கிறார்கள், நிறுவனங்களும் பெருமுயற்சி எடுத்துக் குறைத்திருக்கின்றன.

எழுத்துருவை மாற்றிக்கொள்ளும் வசதியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் நினைவாற்றலை முன்வைத்து விற்கப்படும் வசதி இது ஒன்றே. சற்றுப் படிக்கக் கடினமான எழுத்துருவில் தரப்பட்ட பாடம் நன்றாக நினைவில் நின்றது என்று 2011இல் ஓர் ஆய்வு வெளியானது பலரைக் கவர்ந்தது. மெல்போர்னில் உள்ள ஆர்எம்ஐடி பல்கலைக்கழகம் 2018இல் சான்ஸ் ஃபர்கெடிகா என்ற எழுத்துருவை இதற்கென்றே உருவாக்கி இலவசமாக வெளியிட்டது. எழுத்துகள் வழக்கத்துக்கு மாறாக இடப்பக்கம் சாய்ந்திருக்கும், கோடுகளில் ஆங்காங்கே இடைவெளி விட்டிருக்கும். 2020இல் வேறு ஆய்வாளர்கள் அதைச் சோதித்தபோது, வாசிப்பதைக் கடினமாக்கியதைத் தவிர நினைவுக்கு அதனால் பயன் ஏதும் தென்படவில்லை. எனவே, சொந்த எழுத்துருக்களை ஏற்றிக்கொள்ளலாம் என்ற விளம்பரத்தை நினைவின் கணக்கில் சேர்க்க வேண்டாம். எழுத்துரு முழுவதும் வீண் என்றும் நான் சொல்லமாட்டேன். பால் கோலர்ஸ் தலைகீழாக அச்சிட்ட பக்கங்களைச் சிலரை வாசிக்கவைத்து, ஓராண்டுக்கும் மேல் கழித்து அதே பக்கங்களையும் புதிய பக்கங்களையும் கலந்து கொடுத்தார். பழைய பக்கங்களை அவர்கள் புதியவற்றைவிட வேகமாக வாசித்தார்கள் என்று 1976இல் எழுதினார். எழுத்தின் தோற்றம் நாம் அறியாத ஓர் அடுக்கில், கண்ணின் பழக்கமாகத் தங்குகிறது என்று இதைக் கொள்ளலாம். அப்படியானால் நூலுக்கு ஓர் எழுத்துருவைத் தேர்ந்தெடுத்து அதை மாற்றாமல் வைத்திருப்பது நல்லது; அடிக்கடி மாற்றிப் பார்ப்பதால் ஆவது ஒன்றுமில்லை.

தமிழ் நூல்களில் கருவியின் நடத்தையைப் பற்றித் தனியாகச் சில சொற்கள் சொல்ல வேண்டும். நம் சொற்கள் நீளமானவை. ஆறு அங்குலத் திரையில், கொஞ்சம் பெரிய எழுத்தில், ஒரு வரிக்கு மூன்று அல்லது நான்கு சொற்களே பிடிக்கின்றன. இரு ஓரமும் நேராக இருக்கும்படி வைத்தால், மூன்று சொற்களை வரியின் இரு முனைகளுக்கும் இழுத்துப் பிடிப்பதற்காக இடையிடையே பெரிய வெற்றிடங்கள் விழுகின்றன. இந்த வெற்றிடங்கள் ஒவ்வொரு திரையிலும் இருப்பதால் பத்தி முடிந்த இடம், உரையாடல் தொடங்கிய இடம் என்று கண் பிடித்துக்கொள்ள வேண்டிய உண்மையான இடைவெளிகள் அவற்றுள் மறைந்துவிடுகின்றன. இடப்பக்கம் மட்டும் நேராக இருக்கும்படி அமைத்ததும் வரிகளின் வலது முனை ஏறி இறங்கி ஒரு கரைபோலத் தெரிந்தது. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓர் உருவம் கிடைத்தது. அழகில் இது ஒரு படி குறைவு. நினைவுக்கு இதுவே மேல் என்பது என் அனுபவம்.

குறியிடும் வசதிகளில் எனக்குக் கலவையான கருத்து. அடிக்கோடிட்ட வாக்கியங்களையெல்லாம் கருவி ஒரே பட்டியலாகத் திரட்டித் தருவது மேற்கோள் எடுப்பவர்களுக்குப் பெரும் வசதி. ஆனால் பட்டியலில் வரும் வாக்கியம் தன் அக்கம்பக்கத்தை இழந்து வருகிறது; அது யாருக்குப் பதிலாகச் சொல்லப்பட்டது, எதை மறுத்து எழுதப்பட்டது என்பது அதனோடு வருவதில்லை. நூல் எத்தனை விழுக்காடு முடிந்தது என்று காட்டும் கோட்டைப் பலர் எரிச்சலூட்டுவதாகச் சொல்லி மறைத்துவிடுகிறார்கள். நான் மறைக்க வேண்டாம் என்பேன். கையில் தடிமன் இல்லாத இடத்தில் அந்த எண் ஒன்றே எஞ்சியிருக்கும் அடையாளம். 38 விழுக்காட்டில் இருந்தது என்று நினைவிருந்தால் அங்கே நேராகப் போகலாம், எழுத்தின் அளவை மாற்றினாலும் அது பெரிதாக நகராது. அச்சுப் பதிப்பின் பக்க எண்களைச் சேர்த்துத் தரும் மின்னூல்களும் உள்ளன. இரு மின்பதிப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிவந்தால் அவற்றையே தேர்ந்தெடுப்பது நல்லது.

வண்ணத் திரையுள்ள கருவிகள் இந்தக் குறையைத் தீர்க்குமா என்று கேட்பவர்களுக்கு: ஓரளவு. அட்டைப்படங்களும் வண்ண அடிக்கோடுகளும் நூலுக்கு நூல் வேறுபாட்டைத் தருகின்றன. ஆனால் இப்போதுள்ள வண்ண மின்மைத் திரைகளில் பரவலாகப் பயன்படும் வகையில் கருப்பு எழுத்துக்கு 300 புள்ளிகள் என்றால் வண்ணத்துக்கு 150 தான். பின்புலமும் சற்று இருண்டே இருக்கும். பக்கம் நகர்வது அதிலும் நகரும்.

உண்மையான மாற்று, பக்கத்தை நிலையாக வைத்திருக்கும் வடிவம். பிடிஎஃப் கோப்பில் பக்கம் அச்சில் இருந்தபடியே நிற்கிறது. மனனம் செய்வோருக்கான மின்பதிப்புகள் பல, பக்கத்தைப் படமாகவே வைத்திருப்பதும் இதனால்தான். ஆறு அங்குலத் திரையில் அதை வாசிப்பது கண்ணுக்குத் தண்டனை: முழுப் பக்கத்தையும் காட்டினால் எழுத்து பொடியாகிவிடுகிறது, பெருக்கினால் திரையை இடமும் வலமும் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும், அப்படி இழுக்கும்போது இடம் பற்றிய உணர்வு சிதறிவிடுகிறது. பத்து அங்குலம் அல்லது அதற்கு மேற்பட்ட திரையில் அதே கோப்பு வேறு பொருளாகிவிடுகிறது. பாடநூல், சட்டநூல், அகராதி, உரைநூல் என்று மீண்டும் மீண்டும் புரட்ட வேண்டியவற்றை வாசிக்க ஒரு கருவி தேடுபவர், சிறிய கருவியை வாங்கிவிட்டுப் பிறகு வருந்துவதைவிடப் பெரிய திரைக்குக் காத்திருக்கலாம். கையில் பிடித்துக்கொண்டு படுத்தபடி நாவல் வாசிப்பவருக்குச் சிறியதே போதும்; பெரியதன் கனம் அவருக்குச் சுமை.

சிறியதையே வைத்திருப்பவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நூலைத் தொடங்கும்போதே எழுத்தின் அளவையும் ஓரவெளியையும் முடிவுசெய்துவிட்டு முடியும்வரை அவற்றைத் தொடாமல் இருப்பது, குறிகளுக்குத் தாவிச் செல்வதற்குப் பதிலாக அத்தியாயத்தின் தொடக்கத்துக்குப் போய் அங்கிருந்து புரட்டி வருவது. அத்தியாயம் எப்போதும் திரையின் தலையில் தொடங்குவதால் பக்கப் பிரிவுகள் முதலில் பார்த்தபடியே அமைகின்றன. சுற்றுவழிதான், வேகத்துக்காக வாங்கிய கருவியை மெதுவாகப் பயன்படுத்துவது கொஞ்சம் முரணாகவும் இருக்கிறது.

இந்தக் கருவியில் நினைவின் பக்கம் நின்று யோசித்துச் செய்யப்பட்டதாக நான் கருதும் வசதி ஒன்றே ஒன்று: பல பக்கங்களைச் சிறு கட்டங்களாக ஒரே திரையில் காட்டும் பார்வை. கட்டங்களில் எழுத்தைப் படிக்க முடியாது, படிக்கவும் வேண்டாம். உரையாடல் நிறைந்த பக்கம் துண்டு துண்டான வரிகளாலும், செய்யுள் வந்த பக்கம் இடப்பக்கம் ஒதுங்கிய குறுகிய பத்தியாலும், அத்தியாயத் தொடக்கம் மேலே விட்ட வெண்மையாலும் அடையாளம் தெரிகின்றன. சொல் நினைவில்லாமல் உருவம் மட்டும் நினைவிருக்கும் ஒருவர் அதில் தேடியதைக் கண்டுபிடிக்க முடியும். ஆனால் அது கருவியின் தெரிவுப் பட்டியலின் அடியில், மூன்று தட்டல்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது, தேடல் பெட்டியோ திரையின் தலையிலேயே இருக்கிறது. அடுத்த மென்பொருள் மேம்பாட்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும், திரைக்கு இன்னும் நூறு புள்ளிகள் கூட்டுவதைவிட அது பயனுள்ளதாக இருக்கும்.